மதகுருவால் சிறுவயதில் பாதிக்கப்பட்டவர்கள்: பிரார்த்தனையே செய்ய முடியாமல் போவது பற்றிப் பேசலாமா?

தாழை எழுதியது:

வணக்கம். இங்கே நான் அதிகம் எழுதியதில்லை. இதை வேறு எங்கே கேட்பது என்று தெரியாததால் இங்கே கேட்கிறேன்.

பள்ளி வயதில் ஒரு மதகுரு என்னிடம் பாலியல் ரீதியாக அத்துமீறினார். ஒருமுறை அல்ல, சில வருடங்கள். என்ன நடந்தது என்று எழுதப் போவதில்லை. எந்த மதம் என்றும் சொல்லப் போவதில்லை. சொன்னால் அந்த மதத்தைத் திட்டுவதிலும் காப்பாற்றுவதிலுமே இந்த இழை முடிந்துவிடும். எனக்குப் பிரார்த்தனை செய்யச் சொல்லிக்கொடுத்தவரும் அதே ஆள்தான். நான் கேட்க வந்ததற்கு அது தெரிந்தால் போதும்.

இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டேன். தூக்கமின்மை, காரணமில்லாத கோபம், பின்னால் யாராவது வந்து நின்றால் தூக்கிவாரிப் போடுவது, இதற்கெல்லாம் சிகிச்சை எடுத்தேன். நிறையவே குறைந்திருக்கிறது. ஆனால் கண்ணை மூடிக் கை கூப்பினால் இன்னும் நெஞ்சு அடைக்கிறது. தூப வாசனை வந்தால் குமட்டுகிறது. அம்மா கடைசி நாட்களில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பிரார்த்தனை சொல்லச் சொன்னார். எனக்கு அது மனப்பாடம். வாய் திறக்கவில்லை. அக்காதான் சொன்னாள், நான் வெளியே போய் நின்றேன்.

மருத்துவரிடம் இதைச் சொன்னால் அது உங்கள் நம்பிக்கை சம்பந்தப்பட்டது என்று அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார். நம்பிக்கை உள்ளவர்களிடம் சொன்னால் நல்ல மனநல மருத்துவராகப் பாருங்கள் என்கிறார்கள். இரண்டு பக்கமும் இது எங்கள் வேலை இல்லை என்றுதான் சொல்கிறார்கள்.

என் நம்பிக்கை பலவீனமானதா? அப்புறம், இத்தனை வருடம் ஓரளவு அடங்கிக் கிடந்தது, என் மகனுக்கு அந்த வயது வந்தவுடன் ஏன் இவ்வளவு வேகமாகக் கிளம்பியது? வேறு யாருக்காவது இப்படி இருக்கிறதா?

நெறியாளர்:

இழை திறந்திருக்கும். சம்பவ விவரணை வேண்டாம், தனிநபர் பெயர் வேண்டாம், மதச் சண்டை வேண்டாம். வாசிக்கும்போது மனம் கலங்கினால் மூடிவைத்துவிட்டு அப்புறம் வாருங்கள், இழை எங்கும் போகாது.

ரவி_எம் எழுதியது:

இருக்கிறது, தாழை. எனக்கு இருக்கிறது.

அவர் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். வருவதே பாக்கியம் என்று அம்மா நினைத்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பணிவிடைக்கு வைத்துக்கொண்டபோது உறவினர்கள் எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னார். நான் தேர்ந்தெடுக்கப்பட்ட பிள்ளை. ஒருநாள் தைரியம் வந்து அப்பாவிடம் பாதி சொன்னேன். கன்னத்தில் அறை விழுந்தது. பெரியவர்களைப் பற்றி இப்படிப் பேசினால் நாக்கு அழுகிவிடும் என்றார். அதற்கப்புறம் முப்பது வயது வரை யாரிடமும் வாய் திறக்கவில்லை.

ஆஸ்திரேலியாவில் நிறுவனங்களில் பிள்ளைகளுக்கு நடந்த பாலியல் கொடுமையை 2013 முதல் 2017 வரை விசாரித்த அரச ஆணையத்திடம் ஆயிரக்கணக்கானவர்கள் சாட்சி சொன்னார்கள். நடந்ததை முதன்முதலில் ஒருவரிடம் சொல்ல அவர்களுக்குச் சராசரியாக 23.9 வருடம் ஆகியிருந்தது என்று அந்த ஆணையம் எழுதியது. அதை வாசித்த அன்றுதான் நான் ஏன் இவ்வளவு நாள் சும்மா இருந்தேன் என்று என்னையே குடைந்துகொண்டிருந்ததை நிறுத்தினேன்.

நம்பிக்கை விஷயத்தில் என் நிலை உங்களுடையதிலிருந்து கொஞ்சம் வேறு. பதினேழு வயதில் எல்லாவற்றையும் உதறிவிட்டேன். கடவுள் இல்லை என்று சொல்வேன், மனப்பூர்வமாகவே சொல்வேன். ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ராத்திரி இரண்டு மணிக்கு, இது எனக்கான தண்டனை என்ற பயம் வருகிறது. அன்பான கடவுள் போய்விட்டார், தண்டிக்கிற கடவுள் மட்டும் போகவில்லை. பல வருடம் குடித்தேன், அந்தக் குரலை அமுக்கத்தான். இப்போது குடிப்பதில்லை. குரல் முழுதாக ஓயவில்லை.

கலைவாணி (மனநல ஆலோசகர்) எழுதியது:

தாழை, ரவி, இரண்டு பேருக்கும் வணக்கம். இப்படிப்பட்ட காயத்தோடு வருபவர்களிடம் நான் நீண்ட காலமாக வேலை செய்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் தாழையின் கேள்வி. இது நம்பிக்கை பலவீனம் இல்லை. பிரார்த்தனை செய்யும் உடம்பின் நிலை, அந்த வார்த்தைகள், அந்த வாசனை, எல்லாமே சின்ன வயதில் ஆபத்தோடு சேர்ந்து பதிந்துவிட்டன. வாசனை மற்றப் புலன்களைப் போல மூளைக்குள் சுற்றிப் போவதில்லை, பயத்தையும் நினைவையும் கையாளும் பகுதிகளுக்குக் கிட்டத்தட்ட நேராகப் போய்விடுகிறது. அதனால் இது தூபம் என்று நீங்கள் யோசிப்பதற்கு முன்பே வயிறு புரட்டுகிறது. உங்கள் அம்மாவின் கட்டிலருகே வாய் திறக்காதது அன்புக் குறைவால் அல்ல. உடம்பு உங்களைக் காப்பாற்றப் பார்த்தது.

1985இல் டேவிட் ஃபிங்கெல்ஹோர், ஏஞ்சலா பிரௌன் என்ற இரு ஆய்வாளர்கள் சிறுவயதுப் பாலியல் வன்கொடுமையின் பாதிப்பை நான்கு விதமாகப் பார்த்தார்கள். பாலுணர்வு சிதைந்து உருவாவது, நம்பியவர் செய்த துரோகம், ஒன்றும் செய்ய முடியாத கையறு நிலை, தன்மேலேயே ஒட்டிக்கொள்ளும் களங்கம். யார் செய்தாலும் இந்த நான்கும் வரும். செய்தவர் மதகுருவாக இருந்தால் நான்கும் கடவுள் வரை நீண்டுவிடும். துரோகம் செய்தது ஒரு ஆள் மட்டும் அல்ல, அவரை அனுப்பிய கடவுளும்தான் என்று பிள்ளை நினைக்கிறது. களங்கம் என்பது ஊர் பார்க்கும் களங்கம் மட்டுமல்ல, ஆன்மாவே அழுக்காகிவிட்டது என்ற எண்ணம்.

ஜெனிஃபர் ஃப்ரெய்ட் 1990களில் சொன்ன துரோகக் காயம் என்ற கருத்தும் இங்கே உதவும். யாரை நம்பிப் பிழைக்க வேண்டுமோ அவரே காயப்படுத்தினால், உறவு அறுந்துவிடாமல் இருக்கப் பிள்ளையின் மனம் நடந்ததைத் தனக்கே மறைத்துக்கொள்ளும். வீட்டில் ஒருவர் செய்தால் பிள்ளை நம்பியிருப்பது சோற்றுக்கும் படுக்கைக்கும். மதகுரு செய்தால் நம்பியிருப்பது அர்த்தத்துக்கு. நான் ஏன் பிறந்தேன், செத்தால் எங்கே போவேன், நல்லது எது, கெட்டது எது, இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தவர் அவர். அவரைக் கெட்டவர் என்று ஒத்துக்கொண்டால் உலகமே நிற்காது. அதைவிட நான்தான் கெட்டவன் என்று முடிவு செய்துவிடுவது பிள்ளைக்குச் சுலபம். அந்த முடிவு நாற்பது வயதிலும் உள்ளே உட்கார்ந்திருக்கும்.

ரவி சொன்ன தண்டிக்கிற கடவுளை நான் பலரிடம் கேட்டிருக்கிறேன். அனா மரியா ரிசூட்டோ என்ற மனநல மருத்துவர் 1979லேயே எழுதினார்: மனதுக்குள் இருக்கும் கடவுள் உருவம் வேதபாடத்திலிருந்து மட்டும் வருவதில்லை, சிறுவயதில் நம்மைச் சுற்றி இருந்த பெரியவர்களிடமிருந்து உருவாகிறது. மேலே இருப்பவர் எல்லாவற்றையும் பார்க்கிறார், அவரிடம் தப்ப முடியாது என்று சொல்லிக்கொண்டே ஒருவர் தொட்டால், அந்தப் பிள்ளைக்குக் கடவுள் யார் முகத்தோடு இருப்பார்? கொள்கையாக நம்பிக்கையை விட்டுவிடலாம். அந்த முகத்தை விடுவது வேறு வேலை.

மகன் பற்றி. நீங்கள் அந்த வயதில் எவ்வளவு சின்னவராக இருந்தீர்கள் என்பதை உங்கள் மகனைப் பார்த்துதான் முதன்முறையாகப் பார்க்கிறீர்கள். அதுவரை, நான் தடுத்திருக்கலாம், நான் பெரிய பையன்தானே என்று ஒரு கணக்கு உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். அவன் பாடப்புத்தகத்தோடு எதிரில் வந்து நிற்கும்போது அந்தக் கணக்கு உடைகிறது. வலிக்கும். குற்ற உணர்ச்சி அங்கிருந்துதான் தளர ஆரம்பிக்கிறது என்பதையும் நான் பார்த்திருக்கிறேன்.

அருள் எழுதியது:

வாசித்து மனம் கனத்துப் போனது. தாழை அண்ணா, தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். செய்தது மனிதன், கடவுள் அல்ல. என் மனைவி இறந்தபோது பிரார்த்தனை ஒன்றுதான் என்னை நிறுத்தியது. அதனால்தான் சொல்கிறேன், அந்த மனிதனை மன்னித்துவிட்டால் உங்களுக்கும் கடவுளுக்கும் நடுவில் இருக்கும் சுவர் விழுந்துவிடும். மன்னிப்பு அவருக்காக அல்ல, உங்களுக்காக.

ரவி_எம் எழுதியது:

அருள், உங்கள் இழப்புக்கு என் வருத்தம். நீங்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறீர்கள், அது தெரிகிறது. ஆனால் அந்த ஆள் ஒவ்வொரு முறையும் முடிந்தபின் என்னை மண்டியிட வைத்து, பாவம் செய்துவிட்டோம், மன்னிப்புக் கேள் என்றார். கேட்டது நான். எட்டு வயதுப் பிள்ளை. அதனால் மன்னிப்பு என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்கு அவர் குரல்தான் கேட்கிறது.

செல்வி எழுதியது:

நானும் பாதிக்கப்பட்டவள். அருள் சகோதரர் சொன்னதை எனக்கு என் குடும்பம், உறவுகள், ஒரு பெண் துறவி எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள். மன்னி என்றார்கள், ஆனால் என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. எதை மன்னிப்பது என்று தெரிந்துகொள்ளாமலே மன்னிக்கச் சொன்னார்கள். இவள் மன்னித்துவிட்டாள், விஷயம் முடிந்தது என்று எல்லாரும் நிம்மதியாகச் சாப்பிடப் போகலாம் அல்லவா, அதற்காக.

மதங்களே இதை இவ்வளவு மலிவாகச் சொல்லவில்லை. யூதர்களின் மிஷ்னா என்ற பழைய சட்டநூலில், ஒரு மனிதன் இன்னொருவனுக்குச் செய்த தீங்கை, அவனைச் சமாதானப்படுத்தாத வரை பாவநிவர்த்தி நாள்கூடத் தீர்க்காது என்று இருக்கிறது. மனிதருக்கு இழைத்த அநீதியை அந்த மனிதரிடமே தீர்க்க வேண்டும் என்பது இஸ்லாமியப் போதனை. கத்தோலிக்கத்தில் பாவசங்கீர்த்தனம், அதாவது குருவிடம் பாவத்தை அறிக்கையிடுவது, மட்டும் போதாது, மனம் வருந்துவதும் பரிகாரமும் வேண்டும். எல்லா இடத்திலும் முதல் அடி தப்பு செய்தவருடையது. நடைமுறையில் மட்டும் முதல் அடியும் கடைசி அடியும் பாதிக்கப்பட்டவளே வைக்க வேண்டியிருக்கிறது.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரிய அறிக்கைகளில் பையன்கள் எண்ணிக்கை அதிகமாக வருவதால், இது பையன்களுக்கு நடப்பது என்று ஒரு நினைப்பு இருக்கிறது. அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர்களுக்காக ஜான் ஜே கல்லூரி 2004இல் வெளியிட்ட ஆய்வில் பாதிக்கப்பட்டவர்களில் சுமார் 81 சதவீதம் ஆண்கள். மீதிப் பேர் நாங்கள். எங்களுக்கு வரும் பழி தனி விதம்: ஒரு புனிதரைச் சபலப்படுத்தியவள். பன்னிரண்டு வயதில் எனக்கு அந்தப் பட்டம் கிடைத்தது.

கலைவாணி (மனநல ஆலோசகர்) எழுதியது:

செல்வி சொன்னதோடு ஆண்களின் பக்கத்தையும் சேர்த்துவிடுகிறேன், வெட்கத்தால் யாரும் கேட்க மாட்டார்கள். பலர் பல வருடம் சுமப்பது, என் உடம்பு எதிர்வினை காட்டியதே, அப்படியென்றால் எனக்கும் சம்மதமா, நான் யார் என்ற கேள்வி. உடம்பின் அனிச்சை சம்மதம் ஆகாது. பிள்ளைக்குச் சம்மதம் கொடுக்கும் நிலையே கிடையாது. இதனால் ஒருவரின் பாலியல் விருப்பம் மாறிவிடுவதும் இல்லை. இந்த இரண்டு விஷயத்தையும் சத்தமாகச் சொல்லக் கேட்டு அழுத ஆண்கள் நிறையப் பேர்.

மன்னிப்பு பற்றி என் கருத்து: அது சிகிச்சையின் நிபந்தனை அல்ல. சிலருக்குத் தானாக வருகிறது, சிலருக்கு வருவதில்லை, இரண்டு விதமானவர்களும் நன்றாக வாழ்கிறார்கள். முதலில் வேண்டியது பாதுகாப்பு. அப்புறம் நடந்ததை நம்பும் ஒரு மனிதர். அப்புறம் துக்கம், கோபம். கோபம் வந்து சேர்வதற்கு முன்பே மன்னிக்க வைத்தால் அந்தக் கோபம் உள்ளே திரும்பி, தன்னையே வெறுப்பதாக மாறுகிறது.

அருள் எழுதியது:

சரி. அப்படியென்றால் என்னைப் போன்ற நம்பிக்கை உள்ளவன், இப்படி ஒருவர் வந்து சொன்னால் என்ன செய்யலாம்? கடவுளைப் பற்றியே பேசக்கூடாதா? இதை மனதாரக் கேட்கிறேன்.

தாழை எழுதியது:

அருள் தம்பி, நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. என்னைக் கேட்டால், கடவுளைப் பற்றிப் பேசலாம், ஆனால் கடவுளுக்காக வாதாட வேண்டாம். அவர் எங்கே இருந்தார் என்று நான் கத்தினால், இருந்தார், உன்னோடு அழுதுகொண்டிருந்தார் என்று உடனே பதில் சொல்லாதீர்கள். எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை, ஏனென்றால் அழுதுகொண்டிருந்தவர் ஏன் கதவைத் திறக்கவில்லை என்றுதான் அடுத்துக் கேட்கத் தோன்றுகிறது. எனக்கும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருங்கள். அப்படி உட்கார்ந்திருந்த ஒரே ஒரு மனிதர் என் வாழ்க்கையில் உண்டு. அவருக்குப் பக்தி அதிகம். அவரால்தான் நான் இன்னும் கதவை முழுதாகச் சாத்தவில்லை.

என்னால் பிரார்த்தனை செய்ய முடியாதபோது, எனக்காகப் பிரார்த்திக்கிறேன் என்று சொல்லாமல், நான் செய்யட்டுமா என்று கேட்டவரும் அவர்தான். வேண்டாம் என்றேன். சரி என்றார். வேண்டாம் என்று சொல்லி அது மதிக்கப்பட்டது மதம் சார்ந்த ஒரு ஆளிடம் எனக்கு அதுதான் முதல் தடவை.

ஜோ.வி எழுதியது:

நான் பாதிக்கப்பட்டவன் அல்ல. செய்தித்துறையில் இருந்தபோது இந்த வழக்குகளைத் தொடர்ந்து வாசித்தவன். ஒரு விஷயத்தைச் சேர்க்க விரும்புகிறேன், ஏனென்றால் பேச்சு இதுவரை அந்த ஒரு ஆளைச் சுற்றியே இருக்கிறது.

2002 ஜனவரியில் பாஸ்டன் குளோப் பத்திரிகை வெளியிட்டதில் உலகை உலுக்கியது, பாதிரியார்கள் செய்ததைவிட, மேலிடம் தெரிந்தே அவர்களை ஒரு தேவாலயத்திலிருந்து இன்னொரு தேவாலயத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தது என்பது. அப்புறம் வரிசையாக வந்தன. அயர்லாந்தில் 2009இல் இரண்டு அறிக்கைகள். ஜெர்மனியில் 2018இல் வந்த ஆய்வில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் 1,670 மதகுருக்கள், பாதிக்கப்பட்டவர்கள் 3,677 பிள்ளைகள். அதே ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் விசாரித்த பெருநடுவர் குழு 300க்கும் மேற்பட்ட பாதிரியார்களையும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளையும் கண்டறிந்தது. பிரான்ஸில் 2021இல் சுதந்திர ஆணையம் 1950லிருந்து மதகுருக்களால் பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 2,16,000 பேர் என்று மதிப்பிட்டது.

கத்தோலிக்கம் மட்டும்தான் என்று யாரும் ஆறுதல்பட வேண்டாம். ஹரே கிருஷ்ணா இயக்கத்தின் குருகுலங்களில் பிள்ளைகளுக்கு நடந்ததைப் பற்றி அந்த இயக்கத்தின் சொந்த இதழிலேயே 1998இல் கட்டுரை வந்தது. யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவ அமைப்பில், இரண்டு சாட்சி இருந்தால்தான் குற்றச்சாட்டை ஏற்போம் என்ற விதியை ஆஸ்திரேலிய ஆணையம் 2015இல் விசாரித்தது. பூட்டிய அறையில் இரண்டாவது சாட்சிக்கு ஒரு பிள்ளை எங்கே போகும்? அமெரிக்காவின் தெற்கு பாப்டிஸ்ட் சபைத் தலைமை, புகார் கொண்டுவந்தவர்களை வருடக்கணக்கில் தட்டிக்கழித்ததை 2022 அறிக்கை வெளியே கொண்டுவந்தது. மதம் எதுவானாலும் நடந்த விதம் ஒன்றாகவே இருக்கிறது. கேள்வி கேட்க முடியாத அதிகாரம், தனிமையில் பிள்ளை, அமைப்பின் பெயர் கெடக்கூடாது என்ற பதைப்பு.

கலைவாணி அவர்கள் சொன்ன ஃப்ரெய்ட், நிறுவனம் செய்யும் துரோகம் என்று தனியாகவே பேசுகிறார். புகாரை நம்பாமல் இருப்பது, மறைப்பது, புகார் சொன்னவரையே தாக்குவது, இவை முதல் காயத்தின் மேல் இன்னொரு காயமாகப் பதிகின்றன. ஒரு கெட்ட மதகுருவை, அவர் விதிவிலக்கு என்று ஒதுக்கிவிட்டு நம்பிக்கையைக் காப்பாற்றிக்கொள்ள ஒருவரால் முடியலாம். ஆனால் மேலிருந்த எல்லாருக்கும் தெரியும் என்று பிற்பாடு தெரியவரும்போது ஒதுக்க இடமே இல்லை. அந்தக் கட்டத்தில்தான் பலர் முற்றாக வெளியேறுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

தாழை எழுதியது:

ஜோ, நீங்கள் சொன்ன கடைசி விஷயம் என் கதைதான். அவர் இறந்துவிட்டார். பெரிய கூட்டத்தோடு அடக்கம் நடந்தது. இப்போது ஒரு மண்டபத்துக்கு அவர் பெயர். அந்த வழியாகத்தான் என் பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துப் போகிறேன். பொறுப்பில் இருந்த ஒருவரிடம் போய்ச் சொன்னேன். இறந்தவர் பேரைக் கெடுக்க வேண்டாம், பக்தர்கள் மனம் உடையும் என்றார். என் மனம் அந்தக் கணக்கில் வரவே இல்லை.

உண்மையைச் சொன்னால், பிரார்த்தனை அடைத்துக்கொள்வதற்கு அந்த ஆள் பாதிக் காரணம். அவரைப் பற்றி இன்னும் கேட்கும் பாராட்டுகள் மீதி.

ஜோ.வி எழுதியது:

பெயர்கள் இறங்கியும் இருக்கின்றன, தாழை. கிறிஸ்துவின் படையணி என்ற கத்தோலிக்கத் துறவற சபையை நிறுவிய மார்சியல் மாசியலைப் பற்றி அவருடைய முன்னாள் மாணவர்கள் 1997இல் வெளிப்படையாகப் பேசினார்கள். பொய் சொல்கிறார்கள் என்றார்கள். 2006இல் வத்திக்கான் அவரைப் பொதுப் பணியிலிருந்து விலக்கியது. 2019இல் அவருடைய சபையே, அவர் குறைந்தது 60 சிறுவர்களைப் பாலியல் கொடுமைக்கு உள்ளாக்கினார் என்று ஒத்துக்கொண்டது. பிரான்ஸில் எல்லாராலும் கொண்டாடப்பட்ட அபே பியர் என்ற பாதிரியார் இறந்தது 2007இல். 2024இல் குற்றச்சாட்டுகள் வெளிவந்ததும் அவர் பெயரில் இருந்த அறக்கட்டளை பெயரையே மாற்றிக்கொண்டது. இறந்தவர் என்பதால் பேசக் கூடாது என்று அங்கே யாரும் விட்டுவிடவில்லை.

செல்வி எழுதியது:

என் வழியைச் சொல்கிறேன், இதுதான் சரி என்று சொல்லவில்லை. நான் பல வருடம் எதுவும் செய்யாமல் இருந்தேன். அப்புறம் கண்ணை மூடாமல், மண்டியிடாமல், பழைய வார்த்தை ஒன்றுகூட இல்லாமல், நடந்துகொண்டே பேச ஆரம்பித்தேன். பெரும்பாலும் சண்டைதான் போட்டேன். வேதநூல்களில் கடவுளிடம் சண்டை போட்ட ஆட்கள் நிறைய இருக்கிறார்கள், பைபிளில் வரும் யோபு ஒருவர் போதும். அந்த மதகுரு எனக்கு அந்தப் பக்கங்களைச் சொல்லித்தரவே இல்லை, பணிவைப் பற்றிய பக்கங்களை மட்டும் சொல்லித்தந்தார். எந்த வழிபாட்டிடத்துக்கும் இன்று வரை போவதில்லை. போகவேண்டும் என்றும் தோன்றவில்லை.

ரவி_எம் எழுதியது:

எனக்கு அந்த வழி வேண்டாம், அக்கா. ஆனால் நீங்கள் சொன்னது பிடித்திருக்கிறது. என் பிரச்சினை திரும்பிப் போவது அல்ல, அந்தப் பயம் போனால் போதும். நம்பிக்கை இல்லாமல் நிம்மதியாக இருக்க எனக்கும் உரிமை உண்டு. நீ இன்னும் காயத்தோடு இருப்பதால்தான் நம்பவில்லை, ஆறியதும் நம்புவாய் என்று சிலர் சொல்கிறார்கள். அது என்னைச் சின்னப் பையனாகவே வைத்துப் பேசுவது.

கலைவாணி (மனநல ஆலோசகர்) எழுதியது:

ரவி சொன்னதை நான் முழுமையாக ஏற்கிறேன். என் துறையில் சிலர் எதிர்ப்பக்கத் தவறும் செய்கிறார்கள்: இவ்வளவு நடந்தும் ஏன் இன்னும் அந்த நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டுவிடுகிறார்கள். இரண்டுமே ஒருவருக்குள் நுழைந்து அவருடைய கடவுளை இன்னொருவர் தீர்மானிப்பது. அதைத்தான் அந்த மதகுருவும் செய்தார்.

கென்னத் பார்கமென்ட் என்ற உளவியலாளர் மதமும் மனமும் சேரும் இடத்தில் பல ஆண்டுகள் ஆய்வு செய்தவர். கடவுள் கைவிட்டுவிட்டார், தண்டிக்கிறார் என்ற ஆன்மிகப் போராட்டம் மனச்சோர்வோடும் பதற்றத்தோடும் சேர்ந்து வருவதை அவரும் மற்றவர்களும் காட்டியிருக்கிறார்கள். அதாவது இது சிகிச்சை அறையில் ஒதுக்கிவைக்கும் விஷயமே அல்ல. உலகச் சுகாதார அமைப்பின் ஐசிடி-11 வகைப்பாடு 2022இல் நடைமுறைக்கு வந்தபோது, நீண்ட காலம் தொடர்ந்த கொடுமையால் வரும் சிக்கலான மனக்காயத்தைத் தனி நோயாகச் சேர்த்தார்கள். உணர்ச்சி கட்டுக்குள் நிற்காதது, தன்னைப் பற்றிய தாழ்ந்த எண்ணம், உறவுகளில் நிலைக்க முடியாதது என்று மூன்றும் அதில் வருகின்றன. ஆன்மா அழுக்காகிவிட்டது என்று ஒருவர் சொன்னால், அந்த இரண்டாவது அறிகுறியைத்தான் தனக்குத் தெரிந்த மொழியில் சொல்கிறார்.

தாழை, அடுத்த முறை மருத்துவரிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: நம்பிக்கை பற்றி உங்கள் கருத்து வேண்டாம், என் நம்பிக்கைக்கு என்ன ஆனது என்று கேட்க உங்களால் முடியுமா? முடியாது என்றால் வேறு ஒருவரைத் தேடுவதில் தப்பே இல்லை.

நிலா எழுதியது:

மன்னிக்கவும், குறுக்கே வருகிறேன். என் கணவர் பாதிக்கப்பட்டவர். கல்யாணமாகிப் பல வருடம் கழித்துதான் சொன்னார், என்னிடம் மட்டும். குடும்பத்தில் எந்த வழிபாட்டுக்கும் வரமாட்டார். அகங்காரம் பிடித்தவன் என்று அவருடைய அப்பாவே பேசுகிறார். எனக்கு அவரைக் காப்பாற்ற வாய் துடிக்கிறது, ஆனால் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். சில நாள் நான் தொட்டாலே விலகிப் போகிறார். நான் என்ன செய்ய வேண்டும்?

இன்னொன்று. அந்த மதகுரு இன்னும் உயிரோடு இருக்கிறார். இப்போதும் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறார்.

ரவி_எம் எழுதியது:

நிலா அக்கா, விலகிப் போவது உங்களிடமிருந்து அல்ல. என் மனைவி ஒரு வழி கண்டுபிடித்தாள். தொடுவதற்கு முன்னால் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள், நான் திரும்பிப் பார்த்த பிறகுதான் பக்கத்தில் வருவாள். சின்ன விஷயம். எனக்கு அது பெரிய நிம்மதி. மாமனாரிடம், வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்று மட்டும் நீங்கள் உறுதியாகச் சொல்லலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

கலைவாணி (மனநல ஆலோசகர்) எழுதியது:

ரவி சொன்னது சரி. அவருடைய கதை அவருடையது. எப்போது, யாரிடம், எவ்வளவு என்பதை அவர்தான் தீர்மானிக்க வேண்டும், ஏனென்றால் அந்த உரிமைதான் அவரிடமிருந்து முதலில் பறிக்கப்பட்டது.

ஆனால் நீங்கள் கடைசியாக எழுதிய இரண்டு வரி எல்லாவற்றையும் மாற்றுகிறது. இப்போது அந்த வகுப்பில் பிள்ளைகள் இருக்கிறார்கள். பல நாடுகளில் ஒரு பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் தெரிவிப்பது சட்டக் கடமை, எங்கேயும் அது மனிதக் கடமை. முதலில் அவரிடமே பேசுங்கள். புகார் கொடு என்று ஆரம்பிக்காதீர்கள், அவர் இன்னும் வகுப்பு எடுக்கிறார் என்பது உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். பலர் பல வருட மௌனத்தை உடைப்பது தங்களுக்காக அல்ல, இன்னொரு பிள்ளைக்காகத்தான். அவரால் முடியாது என்றால், அவர் பெயரைச் சொல்லாமல் குழந்தைகள் பாதுகாப்பு அமைப்பிடமோ ஒரு வழக்கறிஞரிடமோ நீங்கள் ஆலோசனை கேட்கலாம். அதையும் அவருக்குத் தெரியாமல் செய்யாதீர்கள், முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்யுங்கள். அந்த மத அமைப்பிடம் மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டாம். ஜோ மேலே எழுதியதை இன்னொரு முறை வாசியுங்கள்.

காலம் கடந்துவிட்டதே என்று அவர் சொல்லக்கூடும். காலவரம்பைப் பல இடங்களில் தளர்த்தியிருக்கிறார்கள். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலம் 2019இல் பழைய வழக்குகளுக்குத் தற்காலிகமாகக் கதவைத் திறந்தது, மேரிலாந்து மாநிலம் 2023இல் உரிமையியல் வழக்குகளுக்குக் காலவரம்பையே நீக்கியது. நீங்கள் இருக்கும் இடத்தில் சட்டம் என்ன என்று விசாரியுங்கள்.

நிலா எழுதியது:

புரிகிறது. அவரிடம் பேசுகிறேன். அவர் சம்மதித்தால் இந்த இழையை அவருக்குக் காட்டலாமா, தாழை அண்ணா?

தாழை எழுதியது:

தாராளமாகக் காட்டுங்கள், தங்கச்சி. அவருக்கு எழுத விருப்பமென்றால் எனக்குத் தனிமடல் அனுப்பச் சொல்லுங்கள். புகார் கொடுக்கப் போகும் நாளில் கூட ஒரு ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.